வியாழக்கிழமை மீன்கறி

…இல்லை, மூடித்தான் வைத்துவிட்டு வந்தாள், பூனை தட்டிவிடாதபடி மூடியின்மேல் ஒரு தேங்காயைக்கூடப் பாரமாக வைத்தாயிற்று, அப்புறம் ஏன் மனம் அந்தச் சட்டியையே சுற்றிச் சுற்றி வருகிறது, கறி என்ன எழுந்து ஓடிவிடுமா… வண்டி பறோக்கின் பழைய இரும்புப் பாலத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது, எதிரில் வருகிறவர்கள் வந்து முடிந்தால்தான் இந்தப் பக்கத்துக்கு வழி, டிரைவர் குஞ்ஞாப்பு ஸ்டீரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான், முன்னால் நர்ஸ் ஷைனி புண்ணுக்கு வேண்டிய பஞ்சையும் துணியையும் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள், பின்சீட்டில் மைமூனாவுக்கு மட்டும் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மற்ற வியாழக்கிழமைகளில் மடியில் தூக்குச்சட்டி இருக்கும், மத்தி மீனை மிளகாய்க் காரத்தோடு நன்றாக முளகிட்டு, சூடு ஆறாமல் துணி சுற்றி, அதைப் பிடித்துக்கொண்டு வருவதே ஒரு வேலை, வளைவு வரும்போதெல்லாம் குஞ்ஞாப்பு, "இத்தா, கறியப் பிடிச்சுக்கங்க" என்பான். இன்று அவன் ஒன்றும் சொல்லாமல் ஓட்டுகிறான், ஷைனி சொல்லியிருப்பாள். சொல்லட்டும், எல்லோருக்கும் தெரிந்தால் நல்லதுதான், வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது, அவள் திருடவில்லை, மீன்கறிதான் கொண்டுபோனாள். ஆனாலும் காலையில் மீன்காரனின் கூவல் கேட்டதும் கை தன் பாட்டுக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டதே, வாங்கி, செதிள் தேய்த்து, புளி கரைத்து, கொதி வந்து இறக்கிய பிறகல்லவா இது யாருக்கு என்ற கேள்வியே வந்தது. வீட்டில் கணவர் அலவிக்கு உப்பும் கூடாது காரமும் கூடாது, சிறுநீரகம் கெட்ட நாளிலிருந்து உப்பில்லாக் கஞ்சி, அவர் அப்படிக் குடிக்கும்போது தனக்கு மட்டும் உப்பா என்று அவளும் அதே கஞ்சிக்கு மாறி வருஷங்களாகிவிட்டன. உப்பு ஜாடியை அவள் தொடுவதே வியாழக்கிழமை மட்டும்தான்.

பாலம் திறந்தது, கீழே சாலியாறு கலங்கி நிறைந்து போகிறது, மழைக்காலத்தில் இந்த ஆற்றைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். உண்மையைச் சொன்னால் வாரத்தில் அவளுக்குப் பிடித்த நாள் இதுதான், இந்தப் பாலியேட்டிவ் வண்டியில் ஏறி, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுவீடாகப் போய், புரட்டிப் படுக்கவைத்து, குளிப்பாட்டி, தலைவாரி, ஊர்க்கதை பேசி… மகள் மஞ்சேரியில், மகன் தோஹாவில், வீட்டில் அலவியும் தொலைக்காட்சியும்தான், இங்கே வந்தால் மனிதர்களின் உடம்புச் சூடு கையில் படுகிறது. வியாழக்கிழமை அவளுக்குக் கட்டாயமில்லாத சுன்னத்து நோன்பு வேறு, அது இந்த வேலைக்கு எவ்வளவு வசதி என்று ஷைனி பொறாமைப்படுவாள், எந்த வீட்டுக்குப் போனாலும் சாயா, வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் முகம் வாடிவிடும், ஷைனி குடித்துக் குடித்து மத்தியானத்துக்குள் வயிறு ஊதிப்போவாள், மைமூனா "நோன்பு" என்று ஒரு சொல்லில் தப்பித்துக்கொள்வாள். பயிற்சி வகுப்பில் டாக்டர் சொன்னதும் அதுதானே, நோயாளி வீட்டில் எதையும் வாங்காதீர்கள், எதையும் கொடுக்காதீர்கள் என்று. வாங்காமல் இருக்க நோன்பு காப்பாற்றியது, கொடுக்காமல் இருக்கத்தான் ஒன்றும் காப்பாற்றவில்லை. அந்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார், வீட்டுக்காரர் கை செய்ய வேண்டியதை உங்கள் கை செய்ய ஆரம்பித்தால் அந்த வீட்டில் ஒரு கை சும்மா இருக்கப் பழகிவிடும் என்று. அன்றைக்கு நன்றாகத் தலையாட்டினாள், மறுமாசமே தூக்குச்சட்டியோடு வண்டியில் ஏறினாள்.

அதுகூட எப்படி ஆரம்பித்தது… சரோஜினி ஓட்டுக் கம்பெனியில் சூளைப் படியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செத்துப்போய்க் கிடப்பவள், மைமூனாவின் வயசுதான், வாய் மட்டும் முழு உயிரோடு இருக்கிறது. மகன் ரஜீஷ் கூட்ஸ் ஆட்டோ ஓட்டப் போய்விடுவான், கூட இருப்பவள் மருமகள் பிந்துஜா, வைக்கம் பக்கத்துப் பெண், மீனுக்குக் குடம்புளி போடுகிறவள். சரோஜினிக்கு அது ஆகவே ஆகாது, வாயில் வைத்தால் கஷாயம் என்பாள். பேச்சுவாக்கில் ஒருநாள், புளிவிட்டு முளகிட்ட மத்தி தின்று எத்தனை காலமாச்சு மைமூனா என்று சொன்னாள், அவ்வளவுதான், அடுத்த வியாழக்கிழமை மைமூனா கொண்டுபோய் வைத்தாள், அந்த முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு அது வழக்கமாகிவிட்டது. சரோஜினி சட்டியை வழித்துத் தின்பாள், ஒவ்வொரு தடவையும் "உன் கைக்கு வளையல் போடணும்டீ" என்பாள், தினமும் சாயங்காலம் போனில் கூப்பிட்டு அடுத்த வியாழக்கிழமையைப் பற்றிப் பேசுவாள். பிந்துஜா அந்தக் கறியை விரலால்கூடத் தொட்டதில்லை, தொடவும் மாட்டாள், ரோஷக்காரி. ஒரே ஒருநாள் வாசலில் நின்றுகொண்டு பொதுவாகச் சொன்னாள், வியாழக்கிழமை ஆனால் அம்மைக்குத் தண்ணீர் கொடுத்துக் கொடுத்தே கை ஓய்ந்துபோகிறது என்று. வயிறு நிறைந்தால் தண்ணீரும் கேட்கத்தானே செய்யும் என்று மைமூனாவுக்கு அதிலும் பெருமை.

போன வாரம் ஷைனி வண்டியின் பின்பக்கம் அவளை ஒதுக்கிக் கூப்பிட்டுச் சொன்னாள். "இத்தா, கோவிச்சுக்காதீங்க. முதுகுல புண்ணு ஆறவே மாட்டேங்குது. ஒருநாள் வயிறு நிறைய தின்னுட்டு மத்த நாளெல்லாம் அந்தப் பொண்ணு வச்சத தள்ளிவிட்டா எப்படி ஆறும்? இப்ப அவ மீன் வாங்குறதையே விட்டுட்டா. நீங்க நிறுத்தினாத்தான் அங்க அடுப்பு எரியும்." வீட்டுக்குப் போய் இரண்டு நாள் ஷைனிமேல் கோபம், நான் வைத்தால் தின்கிறாள், அவள் வைத்தால் தின்பதில்லை, இதில் என் குற்றம் என்ன என்று. மூன்றாம் நாள் அலவியின் கஞ்சியைக் கிளறும்போது, தன் வீட்டுக்கு ஒருத்தி வாரம் ஒருநாள் வந்து அலவிக்கு ஏதோ ஊட்டிவிட்டு, அலவியும் அவளையே எதிர்பார்த்துக்கொண்டு கிடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள், கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அதனால்தான் இன்று வெறுங்கை. சொல்லிவிட வேண்டியதுதான், நயமாக, சிரித்துக்கொண்டே, ஆனால் சொல்லிவிட வேண்டும்.

சிரித்துக்கொண்டெல்லாம் சொல்ல முடியவில்லை. உள்ளே நுழைந்ததுமே சரோஜினியின் கண் அவள் முகத்துக்கு வருமுன் கைக்குப் போனது, கையில் ஒன்றுமில்லை என்று கண்டதும் வாசலைப் பார்த்தது, குஞ்ஞாப்பு எடுத்து வருவான் என்று நினைத்திருப்பாள். "கறி எங்கடீ?" என்றாள். மைமூனா கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கொண்டுவரல, சரோஜினி. இனிமே கொண்டுவர மாட்டேன். நான் வருவேன், உன்னக் குளிப்பாட்டுவேன், தலவாருவேன், அது மாறாது. கறி இந்த வீட்டுக் கறிதான்" என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. சரோஜினி கையை உருவிக்கொண்டாள், அந்தக் கை இழுத்ததில்தான் எவ்வளவு பலம், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "சரிதான், நீயும் ஆபீஸ்காரி ஆயிட்ட" என்றாள். வலித்தது, பொய் சொல்வானேன். அதைவிடப் பெரிய சங்கடம் சமையற்கட்டு வாசலில் நின்றது, பிந்துஜா. "இன்னைக்கு வியாழக்கிழமைன்னு நான் கறியே வைக்கல" என்றாள், குரலில் கோபம்கூட இல்லை, விழித்தாள். அடடா, இதை யாருமே யோசிக்கவில்லையே, ஷைனி மைமூனாவிடம் சொன்னாள், மைமூனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், அடுப்புக்கு உரியவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோறு இருக்கிறது, மோர் இருக்கிறது, புண்ணோ மூடாமல் திறந்து கிடக்கிறது, ஷைனி துணியைப் பிரித்து முகம் சுளிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு ஆட்டோ பிடித்தால் வீட்டுக்குப் போய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம், தேங்காயைத் தள்ளி மூடியைத் திறந்தால் போதும், இன்று ஒரே ஒருநாள், கடைசியாக… இப்படித்தானே ஒவ்வொரு வாரமும் கடைசியாக இருந்திருக்கும். அவள் ஒருக்களித்திருந்த சரோஜினியின் தோளைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் தெருவில் 'பூஹோய்' என்று கேட்டது, மீன்காரனின் ஸ்கூட்டர். பிந்துஜா ஒரு நிமிஷம் நின்றாள், மாமியாரின் முதுகைப் பார்த்தாள், மைமூனாவைப் பார்க்கவே இல்லை, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு விடுவிடென்று போனாள். திரும்பி வந்து உள்ளேயிருந்து கேட்டாள், "அம்மே, புளியா மாங்காயா?" சுவர் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டாள், இந்தத் தடவை, சொல்லாவிட்டால் குடம்புளிதான் என்று சேர்த்துக்கொண்டாள். "மாங்கா" என்றது சுவர். அப்புறம் சுவருக்குப் பொறுக்கவில்லை, முளகுப்பொடியை வறுக்காதே, தண்ணீரில் குழை, சின்ன உள்ளியை நசுக்கு, நறுக்காதே என்று ஆரம்பித்துவிட்டது. மைமூனாவுக்கு நாக்கு துடித்தது, மாங்காயை இப்போதே போடக்கூடாது, ஒரு கொதி வரட்டும் என்று சொல்ல வேண்டும், வாசனையிலேயே அவளுக்குத் தெரிகிறது அவசரப்பட்டுவிட்டாள் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு முதுகைத் துடைத்தாள். உள்ளே கரண்டி டங்கென்று விழுந்தது. "அவ்வளவு தெரிஞ்சா நீங்களே எந்திரிச்சு வந்து வைங்க" என்று பிந்துஜாவின் குரல் வந்தது. ஷைனியின் கை நின்றது, எந்திரிக்க முடியாதவளிடம் சொல்கிற பேச்சா இது, வகுப்பில் எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தார்கள், வார்த்தையைப் பார்த்துப் பேசுங்கள் என்று… சரோஜினியின் முதுகு குலுங்கியது, அழுகிறாள் என்று குனிந்து பார்த்தால் சிரிக்கிறாள், கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். "எந்திரிச்சு வந்தேன்னா உன் சட்டிய ஒடச்சிட்டுத்தான்டீ மறுவேலை" என்றாள், உள்ளேயும் சிரிப்புச் சத்தம்.

கறி வந்தது. உப்புப் போதாது என்றாள் சரோஜினி, மாங்காய் கரைந்துவிட்டது என்றாள், மீன் உடைந்துவிட்டது, இதை யாராவது மீன்கறி என்பார்களா என்று கேட்டாள், கேட்டுக்கொண்டே தின்றாள், பிந்துஜா முறைத்துக்கொண்டே இன்னும் சோறு போட்டாள். நன்றாகச் சாப்பிட்டாள், ஷைனி மைமூனாவை ஓரக்கண்ணால் பார்த்துத் தலையசைத்தாள், மைமூனாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ், புண் மூடிவிடும், இப்படித் தின்றால் மூடாமல் என்ன செய்யும். விடைபெறும்போது சரோஜினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நாளைக்கு என்ன மீன் என்பதில் மருமகளோடு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வண்டியில் வரும்போது குஞ்ஞாப்பு ஏதோ பாட்டை முணுமுணுத்தான், அவளும் கூடவே முணுமுணுத்தாள், ஆற்றின்மேல் வெயில் அடித்தது, லேசாக இருந்தது உடம்பு. சாயங்காலம் போன் வரவில்லை, ஒருவேளை சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டோமோ என்று எடுத்துப் பார்த்தாள், இல்லை, சரியாகத்தான் இருந்தது, சரி, வராமல் இருப்பதுதானே நல்லது.

மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பைத் திறந்து, தொழுதுவிட்டு, அலவிக்குக் கஞ்சி கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல என்ன இருக்குன்னு குடிக்கிறது" என்று வழக்கம்போல முணுமுணுத்தார். அப்போதுதான் சட்டி ஞாபகம் வந்தது. தேங்காயை எடுத்து வைத்து மூடியைத் திறந்தாள், எண்ணெய் மேலே மிதந்து செக்கச்செவேலென்று, மணத்தைக் கேட்கவே வேண்டாம், அரிசிப் பத்திரி ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யோசித்தால் சிரிப்புத்தான், இத்தனை வியாழக்கிழமை வைத்திருக்கிறாள், நோன்பு என்பதால் ஒருநாளும் ருசி பார்த்ததில்லை, முழுச்சட்டியும் அங்கே போய்விடும், தன் கறி தன் நாக்கில் படுவது இதுதான் முதல் தடவை. தொட்டு வாயில் வைத்தாள், மெல்லுவதை நிறுத்தினாள். உப்பு. கொஞ்சமில்லை, உப்புக்கல். இன்றைக்கு மட்டும் கைதவறிவிட்டதா, இல்லையே, என்றைக்கும் போடுகிற அதே கைதானே, குவித்து அள்ளிப் போடுகிற கை… அல்லது உப்பை மறந்துபோன இந்த நாக்குக்குத்தான் இப்படித் தெரிகிறதா, யாரிடம் கொடுத்துக் கேட்பது, அலவிக்குக் கூடாது. வியாழக்கிழமை ஆனால் தண்ணீர் கொடுத்தே கை ஓய்ந்துபோகிறது என்று அந்தப் பெண் சொன்னாளே. அத்தனை தண்ணீரையும் குடித்துக்கொண்டு, சட்டியை வழித்துத் தின்று, கைக்கு வளையல் போட வேண்டும் என்றாளே சரோஜினி. பிந்துஜாவிடம் முதல் வாயிலேயே சொல்லிவிட்டாள், உப்புப் போதாது என்று. தன்னிடம் ஒருநாளும், ஒரு வார்த்தை… அடுத்த வியாழக்கிழமை கேட்டுவிடலாம், கேட்டால் மட்டும் சொல்லிவிடுவாளா? மைமூனா ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, இன்னொரு துண்டு பத்திரியைக் கறியில் தோய்த்தாள்.