சுருதியை ஏற்றியவள்

எங்கள் ஸ்டெல்குர் குழுவில் மூன்றே பேர். கித்தார் ஒன்று உண்டென்றாலும் ஜனங்கள் வருவது குரல்கள் ஒன்றோடொன்று இழைவதைக் கேட்கத்தான். உச்சக்குரல் ஓக்முந்துர். நடுக்குரல் அவனுடைய சித்தி மகள் ஸ்டெயின்வோர். அடிக்குரல் தோர்கில்ஸ், அதாவது நான். எந்தக் கம்பெனியும் எங்களைச் சீந்தாததால் இசைத்தட்டை நாங்களே பதிவு செய்து, வேனின் பின்கதவைத் திறந்து வைத்து விற்போம்.

ஜூலையில் வடகரையோரம் ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டோம். முதல் நாள் காலையிலேயே வானொலியில் ஒருவர், "ஓக்முந்துரின் உச்சக்குரல் பனிமலை மேல் விழும் வெயில். மற்ற இருவரும் துணைக்கு இருக்கிறார்கள்" என்று சொல்லித் தொலைத்தார். அதன்பிறகு ஓக்முந்துரைத் தாங்க முடியவில்லை. பெட்ரோல் பங்கில் ஹாட் டாக் கொடுத்த பெண்ணிடம்கூட, "வெயில் எப்படியிருக்கு?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தான்.

ஹூசவிக் நீச்சல்குளத்தின் வெந்நீர்த் தொட்டியில் ஸ்டெயின்வோர் என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"தோர்கில்ஸ், ஆரம்ப சுருதி கொடுக்குறது யாரு?"

"நீதான்."

"ஒவ்வொரு ஊர்லயும் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தப் போறேன். வெயில் எவ்வளவு ஒசரம் போவுதுன்னு பாப்போம். மூச்சு விட்டே, தொலைச்சிருவேன்."

நான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் வானொலிக்காரர் என் பெயரைக்கூடச் சொல்லவில்லையே. வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஊரான ராய்வர்ஹோப்னில் பாடும்போது ஓக்முந்துரின் கழுத்து நரம்பு புடைத்தது. தோர்ஷோப்னில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டான். தொண்டைக்கு மருந்தென்று மலைப்பாசியைப் பாலில் காய்ச்சிக் குடித்தான்.

"என்னடா, தொண்டை சரியில்லையா?" என்றாள் ஸ்டெயின்வோர், பச்சைப்பிள்ளை மாதிரி.

"காத்துல ஈரம்டீ. வேற ஒண்ணுமில்ல."

உயரமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அன்றே விட்டிருப்பாள். வீம்பு விடவில்லை.

வொப்னஃப்யோர்துர் தேவாலயத்துக்கு அவன் எங்களுக்கு முன்பே போய், அங்கிருந்த ஆர்கனில் சரியான சுருதியை அழுத்திப் பாடிப் பார்த்திருக்கிறான். குரல் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. விஷயம் விளங்கிவிட்டது. எங்களிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. கம்பளித் துண்டை மட்டும் கழற்றி ஆணியில் மாட்டினான்.

அன்றைய கச்சேரியில் கடைசியாக ஒரு பழைய துதிப்பாடல். ஸ்டெயின்வோர் இதுவரை இல்லாத உயரத்தில் ஆரம்பித்தாள். குரல் ஏறவேண்டிய இடம் வந்ததும் ஓக்முந்துர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, சரேலென்று இறங்கி என் அடிக்குரலில் உட்கார்ந்துகொண்டான். எனக்கு இடமில்லை. மேலே ஆளில்லை. ஸ்டெயின்வோரின் முகம் வெளுத்தது.

அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழுந்து, காலியாகக் கிடந்த உச்சியை எட்டிப் பிடித்தது. அந்த ஊர் கோயில் பாடகர் குழுவை நடத்தும் ஜோஃப்ரிதுர் அது. தலைவி பாடினால் குழு சும்மா இருக்குமா? வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அதில்தான் இருந்தார்கள். பெஞ்சு பெஞ்சாக எழுந்து பாடினார்கள். நாங்கள் மூவரும் துணைக்கு இருந்தோம்.

பிறகு காப்பி குடிக்கும்போது அந்த அம்மாள் எங்களிடம் வந்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா யாரைக் கொல்றதுக்கு அவ்வளவு ஒசரத்துல எடுத்தீங்க?"

"என்னைத்தாம்மா," என்றான் ஓக்முந்துர். "இவ கொல்லப் பாத்தா. இந்தத் தடியன் பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தான்."

ஸ்டெயின்வோருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, காப்பி மூக்கில் ஏறியது. அவள் முதுகில் தட்டியது ஓக்முந்துர்தான். கொஞ்சம் பலமாகவே தட்டினான்.

"எங்க கூடவே வந்துருங்களேன்மா," என்று நான் கேட்டேன்.

"ஏன், காயப்போட்ட என் புல்லை யாரு அள்ளுவா? நாளைக்கு மத்தியானம் மழைன்னு வானொலில சொல்றான். தெம்பு மிஞ்சித்தானே இப்படி வெளையாடறீங்க? காலைல ஆறு மணிக்கு மூணு பேரும் வந்து சேருங்க."

போனோம். காய்ந்த புல்லை வாரிக் குவித்தோம். கையெல்லாம் கொப்புளம். மழை தொடங்குவதற்குள் கடைசிக் கட்டும் கொட்டகைக்குள் போய்விட்டது. அன்று எங்களில் யாருக்கும் பாட மூச்சில்லை. அந்த அம்மாள் மட்டும் டிராக்டர் மேல் உட்கார்ந்து, தனக்குத் தோதான சுருதியில் வேலை முடியும்வரை பாடிக்கொண்டிருந்தார்.