நாலில் எது ஆண்?

நாலாவது ஈடு முட்டைகளும் கூமுட்டையாகத்தான் போயின. மாதப்பன் சமையலறைக் கதவைச் சாத்தி இருட்டாக்கி, மொச்சைக்கொட்டை அளவே இருந்த அந்த வெள்ளை முட்டைகளை ஒவ்வொன்றாக டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே சிவப்பாக நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பதினோரு முட்டையில் ஒன்றில்கூட நரம்பைக் காணோம். பின்னால் அமுதவல்லி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"போதுங்க. கொழம்பு அடி புடிக்குது, லைட்டப் போடுங்க."

அவர் திரும்பவே இல்லை. இன்னொரு முட்டையை எடுத்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "லைட்டப் போடுங்கன்னேன்!" என்று வீடு அதிரக் கத்தியதும்தான் திடுக்கிட்டுத் திரும்பி, "ஏன் கத்தற?" என்றார்.

இந்த "ஏன் கத்தற"வைக் கேட்டுக் கேட்டு அமுதவல்லிக்கு வாழ்க்கையே கசந்துவிட்டது. இருபத்துமூன்று வருசம் கிரானைட் அறுக்கிற கம்பெனியில் ரம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்த மனுசன். வேலையை விட்டு அதியமான்கோட்டை வீட்டோடு வந்துவிட்டால் நாலு வார்த்தை பேசிக்கொண்டிருக்கலாம் என்று அவள் ஆசைப்பட்டிருந்தாள். வந்து இரண்டு வருசம் ஆகிறது. எதிரே உட்கார்ந்து பேசினாலும் பாதிக்குத்தான் பதில் வரும், அதுவும் சம்பந்தமில்லாமல் வரும். ஆனால் டீக்கடையில் கூட்டாளி பெரியண்ணன் தொண்டையைத் திறந்து ஊர்க்கதை அளந்தால் ஒரு சொல் விடாமல் கேட்டுச் சிரிப்பார். நம் பேச்சு மட்டும்தான் இவருக்கு இளக்காரம் என்று அவள் முடிவு கட்டியதில் தப்பென்ன இருக்கிறது?

மூன்று மாதம் முன்பு ஓசூரில் இருக்கும் மகள் நிர்மலாதேவியிடம் போனில் சொல்லியும் விட்டாள். "தை பொறந்ததும் அங்கியே வந்துர்றேன் பாப்பா. இங்க நான் செவுத்தோட குடும்பம் நடத்திட்டு இருக்கறேன்." வந்துவிடு என்று மகளும் சொல்லிவிட்டாள். தை பிறக்க இன்னும் பத்து நாள்தான்.

இதில் பறவைகள் எங்கே வந்தன என்றால், போன மாசி மாதம் மாதப்பன் தர்மபுரியில் கரீம் பாய் கடையிலிருந்து நாலு பெங்காலி ஃபின்ச் குஞ்சுகளை வாங்கிவந்தார். பழுப்பும் வெள்ளையுமாய்ச் சின்னப் பறவைகள். வீட்டுப் பக்கவாட்டில் கம்பிவலை அடித்து, நடுவே தடுப்பு வைத்து, குத்துமதிப்பாக ஜோடி ஜோடியாகப் பிரித்துவிட்டார். இடது பக்கம் முட்டையாகக் குவிந்தது. ஆனால் ஒன்றும் பொரிக்கவில்லை. வலது பக்கத்தில் கூடு கட்டினார்கள், தேங்காய் நாரை இழுத்து இழுத்து மாளிகையே கட்டினார்கள், முட்டைதான் வரவில்லை.

முதல் ஈடு வைத்தபோது அமுதவல்லியும் தினம் போய் எட்டிப் பார்த்தாள். அவ்வளவு சின்ன முட்டைக்குள் குஞ்சு எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஒரு ஆவல். அது வீணாய்ப் போனதும் விட்டுவிட்டாள். மாதப்பன் விடவில்லை. அதிலும் இந்த மூன்று மாதமாக அவருக்குப் பித்தே பிடித்துவிட்டது. சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை ஓடு வாங்கித் தொங்கவிட்டார், தினையை முளைகட்டி வைத்தார், முருங்கைக்கீரை போட்டார், முட்டையிட வைத்த கலயத்தைக் கிழக்கே திருப்பினார், மேற்கே திருப்பினார். பார்க்க வருகிறவர்களிடம் பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. "சத்தமே போடாத சாதிங்க. அமைதின்னா அமைதி, அப்படி ஒரு அமைதி" என்பார். விடிந்தும் விடியாமலும் வலது பக்கத்தார் போடுகிற கீச்சில் தூக்கம் கெட்டுப்போகிற அமுதவல்லி, வாய் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று உள்ளே பல்லைக் கடித்துக்கொள்வாள்.

நாலாவது ஈடும் போன பிறகு மாதப்பன் ஒரு காரியம் செய்தார். நாலு பறவைகளையும் ஒவ்வொன்றாகச் சின்னக் கூண்டில் தனியே போட்டு, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "நாலும் பொட்ட. பாய் நம்மள ஏமாத்திட்டான். ஒரு கூண்ட நீ புடி, போயிக் கேட்டுட்டு வரலாம்" என்றார். ஓசூர் போக ஒரு பை வாங்க வேண்டியிருந்ததால் அவளும் கூண்டைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள்.

கடைக்குள் நுழைந்த கையோடு மாதப்பன் ஆரம்பித்துவிட்டார். "என்னா பாய், பழகின ஆளுன்னு வந்தா இப்டியா பண்ணுவீங்க? பாடறதுதான் ஆணு, பாடாதது பொட்டன்னு நீங்கதான சொன்னீங்க? நாலு நாளு எதுருலயே ஒக்காந்து பாத்துட்டேன். நாலுல ஒண்ணு வாயத் தொறந்து பாடல!"

அமுதவல்லி கூண்டோடு அப்படியே நின்றுவிட்டாள். பாடவில்லையா? நாலு நாளும் அவள் அடுப்படியில் இருந்தாலும் கேட்டதே, அதுவும் இரண்டு நாள் காது கிழியக் கேட்டதே!

கரீம் பாய் கோபப்படவில்லை. லவ் பேர்ட்ஸ் இரைச்சல் இல்லாத பின்னறைக்கு இருவரையும் அழைத்துப்போய் கூண்டுகளை மேசைமேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு கூண்டில் இருந்த பறவை உடம்பை உப்பிக்கொண்டு இடமும் வலமும் குதித்துக் குதித்துப் பாட ஆரம்பித்தது.

"கேளுங்கண்ணே. இதுக்கு மேல எப்டிங்க பாடும்?" என்று பாய் சிரித்தார்.

மாதப்பன் குனிந்து கூண்டுக்கு அரை முழ தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். "எங்க பாடுது? குதிக்குது. வாயத்தான் தொறந்து தொறந்து மூடுது, சத்தம் எங்க?"

பாய் கிண்டல் என்று நினைத்து இன்னும் சிரித்தார். அப்புறம் அந்த முகத்தைப் பார்த்தார். அதில் கிண்டல் இல்லை. பாயின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் அமுதவல்லியைப் பார்த்தார்.

பறவை பாடிக்கொண்டே இருந்தது. பின்னறை முழுக்க அந்தக் கீச்சுதான். அதன் நடுவே தன் புருசன் காதைக் கூண்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு நிற்பதை அமுதவல்லி பார்த்தாள். ஐயோ, இந்த மனுசனுக்குக் கேட்கவே இல்லை. இளக்காரமும் இல்லை, திமிரும் இல்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடைப் பையன்களும் எட்டிப் பார்த்தார்கள். அவள் முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க பாய். நானும் பாத்தேன், பாடவே இல்லீங்க. மாத்திக் குடுத்துருங்க."

கரீம் பாய் நல்ல மனுசர். ஒரு கணம் தயங்கிவிட்டு, "தப்பு எம்மேலதாங்கண்ணே. மாத்தித் தர்றேன், நீங்க முன்னால ஒக்காந்து டீ குடிங்க" என்று உரக்கச் சொன்னார். மாதப்பன் போனதும் பாய், பாடுகிற இரண்டு பறவைகளின் காலில் சிவப்பு வளையம் மாட்டிக் கூண்டு மாற்றிப் போட்டார். "அதே பறவைங்கதான் அக்கா. ரெண்டு ஆண ஒண்ணாவும் ரெண்டு பொட்டைய ஒண்ணாவும் போட்டு வச்சிருக்காரு, அப்பறம் எங்கிருந்து குஞ்சு வரும்? வளையம் போட்டது ஆணு. அண்ணனுக்கு எவ்ளோ நாளா இப்டி?"

"தெரியலீங்க பாய்" என்றாள். கூடவே இருந்து குப்பை கொட்டியவளுக்கு இது தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பஸ்ஸில் மாதப்பன் வெற்றிப் பெருமையோடு வந்தார். அதட்டிக் கேட்டால்தான் எதுவும் நடக்கும் என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பை வாங்க மறந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்து அவர் பறவைகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தபோது, நாலடி பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டாள். "ஏங்க." அசைவில்லை. "ஏங்க, டீ போடட்டுங்களா?" அவர் பாட்டுக்குத் தினையை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருசமாக அவள் அவரைக் கூப்பிட்டதெல்லாம் இந்தக் குரலில்தானே! அவள் முன்னால் போய் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"பாய் பறவைய மாத்தலீங்க. இது நம்ம பறவைங்கதான். அங்கியும் பாடுச்சு, இங்கியும் பாடுச்சு. ஒங்களுக்குத்தான் கேக்கல."

"எனக்கா? லாரி ஹாரன் கேக்குது, டிவி கேக்குது, பெரியண்ணன் பேசறது கேக்குது. இது மட்டும் கேக்காதா?" என்று எகிறினார்.

அவள் சண்டைக்குப் போகவில்லை. சிவப்பு வளையக்காரன் அந்நேரம் பார்த்து ஒரு குச்சியில் உட்கார்ந்து உடம்பை உப்பினான். "அது தொண்டையப் பாருங்க. இப்ப பாடுது" என்றாள். அவர் பார்த்தார். தொண்டையில் இறகு துடித்தது. "இப்ப நிறுத்திருச்சு" என்றாள். துடிப்பு நின்றது. "இப்ப மறுபடியும்." துடித்தது. நாலைந்து தரம் இப்படியே ஆனது. பிறகு மாதப்பன் தினை டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"செவுடாயிட்டனா?"

"முழுசா இல்லீங்க. சன்னமான சத்தந்தான் எட்ட மாட்டேங்குது. அந்த ரம்பம் பண்ண வேலயா இருக்கும். டாக்டர்கிட்டக் காட்டலாம்."

அவர் கீழே சிந்தியிருந்த தினையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு கேட்டார். "அப்ப நீயி எங்கிட்டப் பேசிட்டுதான் இருந்தியா?"

"தெனமும் பேசினேன்."

"எனக்கு எட்டினதெல்லாம் நீ கத்தறது மட்டுந்தான் அமுதா. எத்தினியோ வருசமா ஒரு நல்ல வார்த்த கேட்டதில்ல. என்னியக் கண்டாலே ஒனக்கு ஆவறதில்லன்னு நெனச்சிக்கிட்டேன். சரி, வாயக் குடுக்க வேணாம்னு ஒதுங்கியே இருந்துட்டேன்."

அமுதவல்லி விம்மிவிட்டாள். அன்பாய்ச் சொன்னதையெல்லாம் காற்று கொண்டுபோக, ஆத்திரத்தில் கத்தியதை மட்டும் இந்த மனுசன் சேர்த்துவைத்துக்கொண்டு கூடவே வாழ்ந்திருக்கிறார். அவளாவது சுவரோடு குடும்பம் நடத்தினாள். அவர் அதைவிட மோசமாக நடத்தியிருக்கிறார்.

"நீ ஓசூருக்குப் போறது எனக்குத் தெரியும்" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "போன்ல சத்தமாத்தான சொன்ன? முத ஈடு வச்சப்ப நீ தெனமும் இங்க வந்து எட்டிப் பாத்த. எம்பக்கத்துல வந்து நின்ன. ஒரு குஞ்சாவது பொரிச்சுட்டா, அதப் பாத்துக்கிட்டு இருந்துருவியோன்னுதான் இந்தப் பாடு பட்டேன்."

"நான் எங்கியும் போவல" என்றாள். வந்தது வெறும் காற்று. அவர் அவள் உதட்டையே பார்த்து, "என்ன?" என்றார். காதருகே கையைக் குவித்துக்கொண்டார். இத்தனை வருசத்தில் அவர் அப்படிக் கையைக் குவித்து அவள் பார்த்ததில்லை.

அமுதவல்லி மூச்சை இழுத்துக்கொண்டு, பைபாஸில் போகிற லாரிக்காரனுக்கும் கேட்கும்படி கத்தினாள். "நான் எங்கியும் போவலைங்க!"

அடுத்த வீட்டுச் சின்னம்மாள் பதறிப்போய் மதில்மேல் எட்டிப் பார்த்தாள். "என்னாக்கா, மறுபடியும் சண்டையா?"

அமுதவல்லி ஸ்டூலை அவர் பக்கம் இன்னும் நகர்த்திக்கொண்டாள். அவளுக்கு இன்னும் நிறையக் கத்த வேண்டியிருந்தது.