மருந்து அடிக்கும் நாள்

கண்டக்டர் மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்க்கப் பார்த்தார். அது அவர் மேலேயே சரிந்தது. அதற்கு அடியில் மாட்டிக்கொண்டு முழித்தார்.

"சுவத்துல எதையும் சாய்க்காதீங்கன்னு அந்த மருந்தடிக்கிற ஆள் படிச்சுப் படிச்சுச் சொன்னானேடா! எல்லாத்தையும் நடுவுல இழுத்துப் போடு."

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தபடி அக்கா குரல் கொடுத்தாள். மூச்சு வாங்கியது. ஆனால் அதிகாரத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

அக்காவும் தம்பியும் மட்டுமே இருக்கும் வீட்டில் இரண்டு மாதமாக மூட்டைப்பூச்சியோடு குடித்தனம். அக்காவுக்கு இதயம் பலவீனமானதும், சாய்ந்து படுக்க வசதியாக இருக்கட்டும் என்று கண்டக்டர்தான் பழைய கட்டில் ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். "கட்டில் மட்டுமா வந்துச்சு? பட்டாளத்தையே கூட்டிட்டு வந்திருக்க" என்று அக்கா சிரித்தாள். ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தாள். எத்தனையோ வருஷம் காத்திருந்து தங்கை பெற்ற குழந்தையை இந்த வீட்டுப் படி ஏற விடவில்லை, தானும் போகவில்லை. துணி மடிப்பில் ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டு போனாலும் போய்விடுமே என்று பயம். போனில் பார்த்ததோடு சரி.

டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே எப்ப வேணும்னாலும்" என்று சொன்னதைக் கண்டக்டர் மறைத்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தே படித்துவிட்டாள்.

"அப்ப சீக்கிரம் மருந்தடிக்கிறவன வரச் சொல்லு. நான் குளிச்சு, கொதிக்கிற தண்ணில அலசின துணியப் போட்டுக்கிட்டு, வாசல்லயே உக்காந்து புள்ளைய ஒரு தடவ மடில வச்சுக்கிறேன்."

அதற்குத்தான் இத்தனை பாடும். கட்டிலைக் கழற்றிப் போட்டு, அலமாரியைக் காலி செய்து, வீட்டுத் துணி முழுவதையும் கறுப்புப் பைகளில் திணித்து இறுக்கிக் கட்டினார். பஸ்ஸில் ஆள் அடைத்துப் பழகிய கை.

மத்தியானம் தங்கை குழந்தையோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். அக்கா பின்பக்கக் குளியலறையில் குளித்துவிட்டு, "அந்த சுத்தமான துணிப்பையக் கொண்டாடா" என்றாள்.

கண்டக்டர் குவியலைத் திரும்பிப் பார்த்தார். வெயிலில் காயவைத்த அக்காவின் துணியைத் தனியாகக் கட்டி வைத்த பையையும் மும்முரத்தில் மற்ற பைகளோடு குவியலில் வீசியிருந்தார். எல்லாம் ஒரே கறுப்பு. எதைப் பிரித்தாலும் பட்டாளம் கிளம்பி வரலாம்.

"பக்கத்து வீட்ல ஒரு நைட்டி கேக்கட்டுமாக்கா?"

"மானத்த வாங்காத. பெயின்ட் அடிக்கிறோம்னு சொல்லி வச்சிருக்கேன்." கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்காரும் சத்தம் கேட்டது. "விடுடா. கேட்டுக்கு வெளியவே நின்னு காட்டச் சொல்லு. எனக்கு அது போதும்."

அக்கா போதும் என்று சொன்னால் அவருக்குத் தாங்காது. சின்ன வயதில், அம்மா இல்லாத வீட்டில் பானையை வழித்து இவருக்கும் தங்கைக்கும் போட்டுவிட்டு அவள் சொல்லிவந்த வார்த்தை அது.

சட்டென்று நினைவு வந்தது. லாண்டரியில் போட்ட யூனிஃபார்ம் இன்னும் அங்கேயே இருக்கிறது! செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

அக்கா காக்கிச் சட்டையில் வெளியே வந்தாள். கை இரண்டையும் மடித்துவிட்டு, பேண்ட்டைக் கயிற்றால் கட்டியிருந்தாள். தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கேட்டோரத்து மர நிழலில் நாற்காலியைப் போட்டு, குழந்தையை அக்கா மடியில் வைத்தாள்.

"டிக்கெட் எடுத்தாச்சா?" என்று அக்கா தம்பியின் குரலிலேயே கேட்டாள். குழந்தை சட்டைப் பை மூடியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. "சில்லறை கேட்டா சட்டையத் திங்கிறாளே! உன் பஸ்ல ஏறுறவங்க தேவலடா."

மருந்துக்காரன் வந்தான். சாயங்காலம் வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று சொல்லி, முகமூடியை மாட்டிக்கொண்டு நுழைந்து கதவைச் சாத்தினான்.

மூன்று பேரும் பழைய கதை பேசினார்கள். அக்கா குழந்தையின் தலையை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். குழந்தை அவள் நெஞ்சிலேயே தூங்கிப்போனது. அவளும் கண்ணை மூடினாள். கண்டக்டருக்கு மனசு நிறைந்திருந்தது. அவர் இப்படிச் சந்தோஷமாக இருந்து வெகுநாள் ஆயிற்று.

கொஞ்ச நேரம் கழித்துத்தான், இத்தனை நாளும் வீட்டின் எந்த மூலையிலும் கேட்டுக்கொண்டிருந்த அந்த மூச்சுச் சத்தம் கேட்கவில்லை என்று அவருக்கு உறைத்தது. எழுந்து போய் அக்காவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

தங்கை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையை எடுக்கக் கையை நீட்டினாள்.

"புள்ள நல்லாத் தூங்குறாம்மா" என்றார் கண்டக்டர். "அவளா முழிக்கட்டும்."

தங்கை கையை எடுத்துக்கொண்டாள். அவர் நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நழுவத் தொடங்கிய அக்காவின் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துக் குழந்தையைத் தாங்கிக்கொண்டார்.

கதவு திறந்தது. மருந்துக்காரன் முகமூடியை இறக்கிக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தான். கண்டக்டர் மறு கை விரலை உதட்டில் வைத்தார்.