நீடில் லைன்

பதினோரு வாத்துகள் செத்துவிட்டன. மிச்சம் எண்ணூறும் கணியூர் வயலோரக் கொட்டகையில் சத்தமே இல்லாமல் நின்றன. வாத்து சத்தம் போடாமல் நின்றால் நல்லதற்கில்லை.

கால்நடை மருத்துவர் அனுப்ரியா, செத்த வாத்து ஒன்றில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து இரண்டு சோதனை அட்டைகளில் சொட்டு விட்டாள்.

"இது பறவைக் காய்ச்சலுக்கு. இது வாத்து பிளேக்குக்குங்க. ஒரு கோடு வந்தா நோய் இல்லீங்க. ரெண்டு வந்தா இருக்கு. பதினஞ்சு நிமிஷந்தான் கணக்கு."

"காய்ச்சலா இருந்தா?" என்றான் அந்தோணிராஜ். பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வாத்து வளர்க்க வந்தவன்.

"மொத்தத்தையும் அழிக்கணுங்க. பிளேக்குன்னா, தெம்பா இருக்கறதுக்கு இப்பவே தடுப்பூசி போட்டுக் காப்பாத்தலாம். ஐஸ் பெட்டியில கொண்டாந்திருக்கேன்."

"ரெண்டும் இல்லைன்னா?"

"லேபுக்கு அனுப்பிட்டு நாலு நாள் காத்திருக்கணும். நோய் எதுன்னு தெரியாம ஊசியைத் தொட முடியாதுங்க."

நாலு நாளில் ஒரு வாத்து மிஞ்சாது.

பதினான்காவது நிமிடம். காய்ச்சல் அட்டையில் ஒரே கோடு. அந்தோணிராஜ் மூச்சு விட்டான். பிளேக் அட்டையிலும் ஒரே கோடு. விட்ட மூச்சு பாதியில் நின்றது. லேபுக்கு எழுத அனுப்ரியா பேனாவைத் திறந்தாள்.

"டாக்டரம்மா, அத இங்க தாங்க."

கேட்டது அவன் மனைவி ரோஸ்மேரி. நெருப்பெரிச்சல் பனியன் கம்பெனியில் ஒன்பது வருடமாகச் செக்கிங், துணியில் பழுது கண்டுபிடிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வந்திருந்தாள்.

"ஏட்டி, இங்கயுமா? இவ முட்டையிலகூட டேமேஜ் எடுப்பா டாக்டரம்மா."

ரோஸ்மேரி அட்டையோடு நீலத் தார்ப்பாய் நிழலைவிட்டு வெயிலுக்குப் போனாள். கண்மட்டத்துக்குத் தூக்கி மெல்லச் சாய்த்தாள்.

"நீடில் லைன்."

"என்னதுங்க?"

"மெஷின்ல ஊசி கெட்டா துணியில முடி மாதிரி ஒரு கோடு விழும்லா. நேராப் பாத்தா தெரியாது, சாய்க்கணும். இந்தா, ரெண்டாவது கோடு."

"நிழலா இருக்குமுங்க அக்கா."

"நிழல்னா சாய்க்கச் சாய்க்க நகரும். இது நகரல. நிழலுக்குக் கலரும் கிடையாது. இது ரோஸ் கலரு."

கைப்பையிலிருந்து, பழுதான இடத்தைக் காட்ட துணியில் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து அட்டையின் ஓரத்தில் ஒட்டினாள். அம்பு காட்டிய இடத்தை அனுப்ரியா குனிந்து பார்த்தாள். அட்டையை வாங்கி அவளும் சாய்த்தாள்.

"மங்கலா இருந்தாலும் கோடு கோடுதானுங்க," என்றாள் மெதுவாக. "இன்னொரு வாத்துல பாத்து உறுதி பண்ணிக்கலாம்."

புது அட்டை. எட்டாவது நிமிடத்திலேயே இரண்டாவது கோடு பளிச்சென்று விழுந்தது.

ஐஸ் பெட்டி திறந்தது.

பத்தாம் நாள். செக்கிங் மேசையில் ரோஸ்மேரியின் போன் அடித்தது. எடுத்ததும் வாத்துச் சத்தம் காதைப் பிளந்தது. அடுத்த மேசை வினிதா திரும்பிப் பார்த்தாள்.

"கேக்குதா?" அந்தோணிராஜ் கத்தினான். "எழுநூத்தி முப்பத்தெட்டு நிக்கி. மூணு நாளா ஒண்ணுகூட சாகல."

"கேக்குது."

"இன்னொண்ணு. டாக்டரம்மா மடத்துக்குளத்துல ஒரு பண்ணையில நிக்காங்க. அட்டையில கோடு இருக்கா இல்லையான்னு சந்தேகமாம். போட்டோ அனுப்பி, எம்பொண்டாட்டிய பாத்துச் சொல்லச் சொல்லுதாங்க."

'எம்பொண்டாட்டிய' என்பதை அவன் ஊருக்கே கேட்கும்படி சொன்னான்.

ரோஸ்மேரி கையிலிருந்த பனியனை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"போட்டோவப் பாத்து நான் பாஸ் போட மாட்டேன். வெயிலுக்குக் கொண்டுபோய் சாய்க்கச் சொல்லுங்க."