விருந்தாளிக்கு வைத்த ஜக்கெட்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஷோகேஸிலிருந்து கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். விருந்தாளிகள் வந்தால் மட்டும் வெளியே எடுக்கும் கோப்பைகளுக்குப் பக்கத்தில், செம்மஞ்சள் நிற லைஃப் ஜக்கெட் ஐந்து, பொலித்தீன் உறை* பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்தார்கள். அவர்களுடைய படகு நிற்பதோ பல மைல் தள்ளி, பொல்கொட வாவியில். தண்ணீரில் விழுகிறவர் பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்து போட்டுக்கொள்ள வேண்டும் போலும். அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

(அந்த வீட்டுக்காரர் இதை வாசித்தால்: அது நீங்கள் இல்லை. உங்கள் கோப்பைகள் வேறு நிறம்.)

* டிவி ரிமோட்டுக்குக்கூட உறையைக் கழற்றாத ஆட்கள் நாம். இதைப் பற்றி நான் மேலும் பேசினால் கதை நகராது.

2

முதல் தொடக்கம்: "வாவி அன்று கண்ணாடிபோல் அமைதியாக..." வேண்டாம். யாரோ விழப்போகிறார்கள் என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது: யோசெப்பினுக்கு நீந்தத் தெரியாது. கணவர் ஹியூபேட்டுக்கும் தெரியாது. வேலைக்காலம் முழுக்கத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, தண்ணீரை மேலிருந்தே பார்த்துப் பழகிய மனிதர். ஓய்வு பெற்ற கையோடு பழைய ஃபைபர் படகொன்றை வாங்கிவிட்டார்.

சரி, இப்படியே போவோம்.

3

மகள் ரொஷேலை வெள்ளவத்தை சிவபாலன் மாஸ்டரின் மகனுக்குப் பேசியிருக்கிறது. கலியாணம் கோயிலிலா தேவாலயத்திலா என்ற இழுபறி இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. அந்தச் சந்தோசத்தில் மாஸ்டரையும் மனைவி அன்னபாக்கியத்தையும் ஞாயிற்றுக்கிழமை படகில் ஏற்றிக் காட்ட ஹியூபேட்டுக்கு ஆசை. பெற்றோல் நிரப்பினார், கயிறு மாற்றினார். பிளாஸ்கில் தேத்தண்ணி, பெட்டி நிறையப் பொரித்த பட்டிஸ், வெயிலுக்குக் குடை. ஷோகேஸில் இருந்த ஐந்து ஜக்கெட்டை மட்டும் யோசெப்பினைத் தொடவிடவில்லை. சம்பந்தி ஏறும்போதே அதை நீட்டினால், படகு மூழ்கப்போகிறது என்று அபசகுனமாகச் சொன்ன மாதிரி ஆகிவிடுமாம்.

அப்படியானால் இத்தனை நாளும் எந்த விருந்தாளிக்கென்று வைத்திருந்தீர்கள் என்று யோசெப்பின் கேட்டாள். ஹியூபேட் குடையை விரித்துச் சரிபார்த்தார். (அவருக்காக நானே ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். இவர் வாயில் பொருந்தவில்லை.) அவள் ஐந்தையும் ஒரு பெரிய பையில் திணித்து, மேலே பட்டிஸ் பெட்டியை வைத்து எடுத்துவந்தாள்.

4

படகுத்துறையில் பையைத் திறந்தாள். பட்டுச்சேலையோடு வந்திருந்த அன்னபாக்கியம், முதலில் நீங்கள் போடுங்கோ என்றார். விருந்தாளிதான் முதலில் என்றாள் யோசெப்பின். வீட்டுக்காரர் போடாமல் நாங்கள் எப்படி என்றார் மாஸ்டர். சம்பந்தி வெறும் சட்டையோடு நிற்கும்போது தான் போடுவது மரியாதையா என்றார் ஹியூபேட். சாப்பாட்டில் யார் முதலில் கைவைப்பது என்று காத்திருப்பதுபோல நால்வரும் நின்றார்கள். ஜக்கெட் கைக்குக் கை மாறியது. பொலித்தீன் சரசரத்தது. ஒருவர் உடம்பிலும் ஏறவில்லை.

இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதிவிட்டேன். இவர்களைப் படைத்தது நான்தான். ஒரு பட்டியைப் பூட்டவைக்க என்னால் முடியவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கடைசியில் மூவர் அப்படியே படகில் ஏறி உட்கார்ந்தார்கள். ஜக்கெட்டுகள் காலடியில். கடற்பக்கம் மேகம் கறுத்தது. கரையில் கயிற்றைப் பிடித்தபடி யோசெப்பின் மட்டும் நின்றாள். அவிழ்த்துவிட்டு ஏறச் சொன்னார் ஹியூபேட்.

"மரியாதை பாத்துப் பாத்து, ரொஷேல்ட கலியாணத்துக்கு முன்னுக்கு நாலு செத்தவீடு வைக்கப் போறீங்களா? நீங்க போடாட்டி நான் கயித்தை விட மாட்டேன்."

சம்பந்தி முன்னால் சொல்லிவிட்டாள். மாஸ்டர் தண்ணீரைப் பார்த்தார். ஹியூபேட்டின் முகம் சுருங்கியது. கூடிவந்த கலியாணம் தன் வாயால் குலையப்போகிறதோ என்று யோசெப்பின் பயந்தாள். ஆனாலும் கயிற்றை விடவில்லை.

5

முடிவு அ: கயிறு அவிழ்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. சுற்றிவிட்டு வந்து பட்டிஸ் சாப்பிட்டார்கள். எனக்கு மிகப் பயம் இந்த முடிவில்தான். பாத்தீங்களா என்பார் ஹியூபேட். ஜக்கெட் ஷோகேஸுக்குத் திரும்பும். அடுத்த தடவை ரொஷேலும் ஏறுவாள்.

முடிவு ஆ: நடுவாவியில் படகு ஒருபக்கம் சாய, அன்னபாக்கியத்தின் பட்டுச்சேலை நனைந்து கனத்து... [இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.]

முடிவு இ: ஹியூபேட் சிரித்துக்கொண்டே ஜக்கெட்டை எடுத்துப் போட்டார். நான் எழுதினேன், அவர் போடவில்லை.

6

ஆக, கயிறு இன்னும் யோசெப்பின் கையில்தான். ஆட்கள் நான்கு பேர், ஜக்கெட் ஐந்து. கவனித்திருப்பீர்கள்.

ஐந்தாவது உங்களுக்கு. இந்தக் கதைக்கு வந்த விருந்தாளி நீங்கள்தானே. நீங்கள் போட்டால் மாஸ்டருக்கு மறுக்க வாயிராது. மாஸ்டர் போட்டால் ஹியூபேட் போடுவார். உறையைக் கிழியுங்கள், கையை நுழையுங்கள், பட்டியை இறுக்குங்கள். இல்லையில்லை, முதலில் நீங்கள் போடுங்கோ என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

யோசெப்பினுக்குக் கை வலிக்கிறது.