ஐயாவுக்கு முழு மதிப்பெண்

பயிற்சி வகுப்பு நடந்தது இரண்டாம் மாடியிலா மூன்றாம் மாடியிலா என்பது சரியாக நினைவில்லை. நாளும் தேதியும் முன்பின்னாக இருக்கலாம். ஆனால் கடைசிக் கேள்விக்கு அவள் எழுதிய பதிலில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை. அதைப் பேரவை முழுவதும் கேட்டது.

அவள் ஒரு சட்டப்பேரவை உறுப்பினரின் உதவியாளர். நான்கு வருடமாக அந்த அறையில் வேலை. உறுப்பினருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் 'தட்டிக்கொடுப்பவர்'. யாரைப் பார்த்தாலும் முதுகில் தட்டிக் கொடுப்பார். ஆண்களின் முதுகில் அந்தக் கை ஒரு நொடி இருக்கும். பெண்களின் முதுகில் உட்கார்ந்துவிட்டால் அதை ஒத்திவைக்க யாராலும் முடியாது.

மூன்று முறை நூலகப் பிரிவுக்கு இடமாற்றம் கேட்டிருந்தாள். அதற்கு அவருடைய கையெழுத்து வேண்டும். நீட்டிய இடத்திலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற மனிதர்தான். ஆனால் இடமாற்ற விண்ணப்பம் இளஞ்சிவப்புத் தாள். கட்டுக்குள் எங்கே செருகி வைத்தாலும் கண்ணில் பட்டுவிடும். "இங்க என்ன கண்ணு குறை உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே அதை இழுப்பறையில் போட்டுவிடுவார். வீட்டில் அம்மாவும் படிக்கிற தங்கையும் இருந்தார்கள். வேலையை உதறிவிட்டுப் போகிற நிலையில் அவள் இல்லை.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. பாலியல் தொல்லையைத் தடுப்பது எப்படி என்று ஒவ்வொரு உறுப்பினரும் இரண்டு மணி நேரம் பயிற்சி பெற்றுத் தேர்வும் எழுத வேண்டும். ஆள் மாற்றி அனுப்பினால் ஒரு வருடம் அவைக்குள் நுழைய முடியாது. சட்டம் ஒரே குரலில் நிறைவேறியது. மறுவாரம் நாற்பத்தெட்டு உறுப்பினர்களும் ஆள் மாற்றி அனுப்பினார்கள்.

நாற்பத்தெட்டுப் பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால் நாற்பத்தெட்டு உதவியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பயிற்சியாளர் தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "மாண்புமிகு உறுப்பினர்களே, பெண்களும் நம்மைப் போல மனிதர்கள்தான்" என்று தொடங்கினார். யாரும் மறுக்கவில்லை.

கடைசிக் கேள்வி, 'உங்கள் அறையில் நடந்த ஒரு சம்பவத்தை எழுதி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்று விளக்குக' என்பது. அவள் கேள்வியை இரண்டு முறை படித்தாள். பிறகு எழுதத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை.

பக்கத்தில் வேறொரு உறுப்பினருக்காக வந்து உட்கார்ந்திருந்த கோப்பறை அக்கா குனிந்து கேட்டாள். "இவ்ளோ நேரமா என்னடி எழுதுற?"

"நான் எங்கக்கா எழுதுறேன்? ஐயா எழுதுறார்."

விடைத்தாளில் உறுப்பினரின் கையெழுத்து வேண்டும் என்பதால், அன்று மாலை மற்ற தாள்களோடு அதையும் நீட்டினாள். ஐயா கைபேசியில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

யார் படிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். யாரோ படித்துவிட்டார்கள். ஐயாவுக்கு முழு மதிப்பெண் என்றும், தன்னைத் தானே சோதித்துக்கொண்ட சிறந்த பதில் என்பதால் அவரே அதைப் பேரவையில் வாசிக்க வேண்டும் என்றும் பேரவைச் செயலகத்திலிருந்து விடைத்தாளோடு கடிதம் வந்தது. ஐயாவுக்குப் பூரிப்பு. "நல்லா எழுதியிருக்க போல கண்ணு" என்று கையைத் தூக்கினார். அவள் கோப்பை அணைத்தபடி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"வேற ஒண்ண எழுதி வச்சிரு. அந்தாளுக்கு எங்க தெரியப்போகுது?" என்றாள் அக்கா.

அது உண்மைதான். அவருடைய பேச்சுகளையெல்லாம் எழுதுவது அவள்தான். அவையில் எழுந்து நின்று வாசிக்கும்போதுதான், தான் என்ன நினைக்கிறோம் என்பது அவருக்கே தெரியவரும்.

வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து, எந்தப் பெண்ணையும் தொடாத, யாருக்கும் வலிக்காத ஒரு பக்கத்தை எழுதிப் பார்த்தாள். நன்றாகவே வந்தது. மூன்றாம் நாள் காலை அதைக் கிழித்துவிட்டு, கையெழுத்துப் போட்ட பழைய தாளையே கோப்பில் வைத்தாள்.

ஐயா கனத்த குரலில் வாசித்தார். "என் அறையில் நடப்பதை மறைக்காமல் சொல்கிறேன். கோப்பைக் காட்டக் குனியும் உதவியாளரின் முதுகில் நான் கை வைப்பேன். அவர் விலகினால் சக்கரம் வைத்த என் நாற்காலியும் கூடவே நகரும்."

குரல் தேய்ந்தது. ஐயா நிமிர்ந்து ஊழியர் மாடத்தைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. கைப்பிடிக் கம்பியை மட்டும் இறுகப் பிடித்திருந்தாள்.

"மேல படிங்கய்யா" என்றார் எதிர்வரிசைக்காரர் ஒருவர்.

பேரவைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது நீங்க எழுதினதுதானே?"

இல்லை என்றால் ஒரு வருடம் வெளியே. ஐயா கைக்குட்டையை எடுத்தார். "நானேதாங்க எழுதினேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீதியையும் வாசித்தார். "மூன்று முறை அவர் இடமாற்றம் கேட்டார். மூன்று தாளும் என் இழுப்பறையில் இருக்கின்றன. நான் செய்ய வேண்டியது, அதில் இன்றே கையெழுத்திடுவது."

முதலில் ஒருவர் மேசையைத் தட்டினார். பிறகு அவையே தட்டியது. "என்ன நெஞ்சுரம்" என்றார் ஒருவர். "நமக்கெல்லாம் வருமா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். அந்த உதவியாளர் யார் என்று யாரும் கேட்கவில்லை. தலைவர் அங்கேயே இளஞ்சிவப்புத் தாளை வரவழைத்தார். அத்தனை பேர் பார்க்க, ஐயா முதன்முறையாக ஒரு தாளை முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

அவள் மறுநாளே நூலகத்துக்குப் போனாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். தங்கை படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். தட்டிக்கொடுப்பவர் பாலியல் தொல்லை தடுப்புக் குழுவின் தலைவரானார். அவர் அறைக்கு இப்போது வேறொரு பெண் வந்திருக்கிறாள். அவளுக்கு வேண்டிய இளஞ்சிவப்புத் தாளைக் கோப்பறை அக்கா கொடுத்திருக்கிறாள். தேர்விலிருந்து கடைசிக் கேள்வியை நீக்கிவிட்டார்கள். பயிற்சிக்கு வருடந்தோறும் உதவியாளர்கள் போய்வருகிறார்கள். உறுப்பினர்கள் அனைவரும் தேர்ச்சி பெறுகிறார்கள்.