அட்டையில் எழுதாத அடி

நெட்டி பெல்னாப் அந்த ஷூ பெட்டியைச் சணல் கயிற்றால் கட்டித் திருப்பிக் கொண்டுவந்து எல்வுட்டின் சமையலறை மேசைமேல் வைத்தாள். பெட்டிக்கு மேலே ஒரு தட்டு மேப்பிள் பிஸ்கட் வேறு.  அவள் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் கிழவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"உங்க ஆட்டத்தக் கெடுத்துட்டேன் எல்வுட். லேப்டாப்புல ஏத்தும்போது எங்கயோ தப்பா அடிச்சிருக்கேன். மன்னிச்சுக்குங்க."

"விடு. நடக்குறதுதான்."

"ஊரே பாத்துச்சு. இனிமே நான் மேடை ஏறல. கமிட்டித் தலைவர் க்லைடுகிட்ட சொல்லிட்டேன்."

எல்வுட் அவளை உட்காரச் சொல்லவில்லை. உட்கார்ந்தால் பேச வேண்டிவரும். அவள் கார் சேற்றில் உறுமி உறுமி வெளியேறும்வரை ஜன்னலோரம் நின்றிருந்தார். பிஸ்கட்டைத் தொடவில்லை.

அவள் எதையும் தப்பாக அடிக்கவில்லை. அது அவருக்குத் தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே எல்வுட் சனிக்கிழமைகளில் விவசாயிகள் சங்கத்தின் கிரேஞ்ச் மண்டபத்தில் ஆட்டம் சொல்கிறவர். ஜோடி ஜோடியாக ஜனங்கள் நீள வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொரு ஜோடியும் எதிரே உள்ள ஜோடியோடு சேர்ந்து ஒரு சுற்று ஆடும். சுற்றின் கடைசி அடியில் அவர்களைக் கடந்து போய் அடுத்த ஜோடியைப் பிடிக்கும். பிடில் நிற்காது. மேடையில் இருப்பவர் ஒவ்வொரு அடியையும் ஒரு மூச்சு முன்னால் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எல்வுட் சொன்ன ஆட்டங்களில் பாதி அவரே கட்டியவை. அவற்றை அட்டைகளில் எழுதி அந்த ஷூ பெட்டியில் வைத்திருந்தார்.

ஆனால் எந்த அட்டையிலும் கடைசி அடி கிடையாது. ஒரு தடவை அவர் கழிப்பறைக்குப் போயிருந்த நேரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரன் ஒருவன் அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு போய், சந்தையில் தன்னுடைய ஆட்டம் என்று சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டான். அதிலிருந்து கடைசி அடி எல்வுட்டின் மண்டைக்குள்தான். திருடுகிறவன் காலில்லாத குதிரையை ஓட்டிக்கொண்டு போகட்டும் என்று இருந்தார்.

நெட்டி தபால் ஆபீஸ்காரி. மூன்று குளிர்காலமாகத்தான் ஆட்டம் சொல்கிறாள். நன்றாகவே சொல்கிறாள், அதை எல்வுட்டும் மனதுக்குள் ஒப்புக்கொண்டதுதான். ஆட்டம் சொல்கிறவர்களுக்கென்றே யாரோ செய்த ஒரு புரோகிராமை அவள் தன் லேப்டாப்பில் போட்டிருந்தாள். ஆட்டங்களை அதில் ஏற்றிவிட்டால் எதற்குப் பின் எது வரலாம், எந்த இரண்டு ஒரே மாதிரி இருக்கிறது, பிடில்காரருக்கு எந்த மெட்டு என்று சாயங்காலம் முழுவதையும் கோர்த்துக் கொடுத்துவிடும். எல்வுட்டின் பெட்டியையும் அதில் ஏற்றிவைக்கலாம் என்று அவள்தான் கேட்டாள். ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்து கேட்டாள்.

ஏற்றிக்கொள்ளட்டும், உள்ளேதான் கடைசி அடி இல்லையே என்று அவர் கொடுத்துவிட்டார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பனி கொட்டிய ஒருநாள் அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"எல்வுட், மொதல்ல ஒரு பழைய ஆட்டத்த ஏத்திப் பாத்தேன், நான் ஆடாத ஆட்டம், செவப்பு காட்டுது. மெட்டுக்கு எட்டுத் தட்டு கொறையுதாம். கடைசியில ஏதாச்சும் இருக்கா?"

"மெஷினுக்கு ஆட்டம் தெரியுமா? அது எந்தக் கல்யாணத்துல ஆடுச்சு?"

"இல்ல, கணக்கு பாக்குது…"

"அட்டையில இருக்கறபடி போடு. கொறஞ்சா ஜோடியக் கட்டிச் சுத்துறத நீட்டிச் சொல்லு."

அவள் அவரை நம்பினாள். சிவப்பை அணைத்துவிட்டாள்.

மேப்பிள் பாகு காய்ச்சும் பருவம் முடிந்த சனிக்கிழமை பெரிய ஆட்டம். மண்டபம் நிரம்பி வழிந்தது. நெட்டி மைக்கைப் பிடித்து, "அடுத்தது நம்ம எல்வுட் கட்டின ஆட்டம்," என்று பெருமையாகச் சொல்லித்தான் ஆரம்பித்தாள். முதல் சுற்று முடிந்தது. அவள் சொன்னபடி கேட்டவர்கள் நின்ற இடத்திலேயே சுற்றினார்கள். பழைய ஆட்கள் கால் பழக்கத்தில் கடந்து போனார்கள். வரிசை முட்டிக்கொண்டது. ஆட்டக் கமிட்டித் தலைவர் க்லைட் நாலு சுற்றும் தன்னை விட்டுப்போன பெண்டாட்டிக்கு எதிரிலேயே மாட்டிக்கொண்டார். "இதுக்கா ஜீவனாம்சம் குடுக்கறேன்," என்று அவர் சொன்னதில் மண்டபமே சிரித்தது. பிடில் நின்றது. மேடையில் நெட்டியின் முகம் கழுத்து வரை சிவந்துபோனது.

எல்வுட் சுவரோரம் ஆப்பிள் பை தின்றுகொண்டிருந்தார். க்லைட் வந்து, "உன் ஆட்டத்த என்னய்யா பண்ணித் தொலைச்சா அவ?" என்று கேட்டபோது வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "மெஷின்ல ஏத்தினா இப்படித்தான்," என்றார்.

இந்த மூன்று வார்த்தைதான் இப்போது பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை நெட்டியின் முறை. க்லைட் அதை எல்வுட் தலையில் கட்டினார். அவள் வரமாட்டாள் என்று எல்வுட் நினைத்தார், வர வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். வந்தாள். தபால் வண்டி ஓட்டும் ஹோமரோடு ஜோடி சேர்ந்து வரிசையின் கடைக்கோடியில் நின்றாள்.

அந்த ஆட்டத்தை மட்டும் தொடக்கூடாது என்று எல்வுட் முடிவு செய்திருந்தார். க்லைட் விடவில்லை.

"யோவ் எல்வுட், அன்னைக்குச் செத்துப்போச்சே அந்த ஆட்டம், அதச் சொல்லு. எப்படி இருக்கணும்னு பாக்கலாம்."

நாலு பேர் கைதட்டினார்கள். பிடில்காரர் ரோஸ்கோ கேட்காமலே மெட்டை எடுத்துவிட்டார். எல்வுட்டின் வாய் தானாகத் திறந்தது. அடி அடியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சுற்றின் முடிவு வந்தபோது நாக்கைக் கடிக்கப் பார்த்தார். பழகிய நாக்கு நிற்கவில்லை.

"இடக்கை குடு, இழு, கடந்து போ."

வரிசை தண்ணீர்போல நகர்ந்தது. எல்லோரும் சிரித்த முகத்தோடு அடுத்த ஜோடியைப் பிடித்தார்கள். கடைக்கோடியில் ஒரு தலை மட்டும் திரும்பி மேடையைப் பார்த்தது.

நெட்டிக்குப் புரிந்துவிட்டது.

அவள் நிற்கவில்லை. வரிசைக்குள் இருப்பவர் நிற்க முடியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஜோடியைக் கடந்து, ஒரு இடம் மேடைப் பக்கமாக வந்துகொண்டிருந்தாள். அவர் ஒளித்து வைத்த அடிதான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஆட்டத்தை எப்போது முடிப்பது என்பது சொல்கிறவர் இஷ்டம். ஒரு விரலைத் தூக்கினால் ரோஸ்கோ அந்தச் சுற்றோடு முடித்துவிடுவார். எல்வுட்டின் கை இடுப்புவரை எழுந்தது. அவள் பாதி மண்டபம் வந்திருந்தாள். கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இனி அடி சொல்லவும் தேவையில்லை, எல்லோருக்கும் கால் பழகிவிட்டது. மைக்கை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். அவள் வந்துகொண்டே இருந்தாள்.

மேடைப் பக்க முனைக்கு வந்து சேரும் ஜோடிக்கு எதிரே யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு சுற்று காத்து நிற்க வேண்டும். நெட்டி மேடைக்குக் கீழே, அவர் பூட்ஸுக்கு நேராக மூச்சு வாங்க நின்றாள்.

"அந்தக் கடைசி அடி அட்டையில இல்லியே எல்வுட்."

"இல்ல."

"இந்த ஒண்ணுலயா?"

"எதுலயும் இல்ல."

"நான் கேட்டேன். லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு வந்து கேட்டேன்."

"கேட்டே."

"மெஷின் சரியாத்தான் சொல்லுச்சு. நான்தான் உங்கள நம்பினேன்."

 ஹோமர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப எதுக்கு மைக்கக் கீழ எறக்கினீங்க?" என்றாள் நெட்டி.

எல்வுட் குனிந்து பார்த்தார். மைக் தொடைக்குப் பின்னால் இருந்தது. எப்போது அங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. மண்டபத்துக்குக் கேட்கக்கூடாது என்று கை தானாகவே செய்த வேலை.

மைக்கை மேலே தூக்கினார்.

"அன்னைக்கு நெட்டி தப்புப் பண்ணல," என்றார். பிடிலுக்கு மேலே அவர் குரல் கரகரத்தது. "அட்டையில கடைசி அடிய நான் எழுதல. அவ கேட்டப்பவும் சொல்லாம மறச்சேன். அப்புறம் மெஷின் மேல பழியப் போட்டேன்."

ரோஸ்கோவின் வில் ஒரு கணம் தடுமாறி மறுபடி மெட்டைப் பிடித்தது. சிலர் காதில் விழுந்தது, சிலர் காதில் விழவில்லை. க்லைட் காதில் விழுந்தது. ஆடிக்கொண்டே வாயைப் பிளந்து பார்த்தார், அடுத்த ஜோடி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எல்வுட் நெட்டியைத் தேடினார். காத்து நிற்கும் சுற்று முடிந்திருந்தது. அவள் இடக்கை கொடுத்து, இழுத்து, முதல் ஜோடியைக் கடந்திருந்தாள். வரிசை அவளை மண்டபத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோனது. முதுகுதான் தெரிந்தது. அவள் திரும்பி இங்கே வந்து சேர நிறைய நேரம் பிடிக்கும். எல்வுட் விரலைத் தூக்காமல் நின்றார்.